பன்னிரண்டு மூட்டை மாவும் ஒரு பிரதம அதிதியும்

"முக்கிய அறிவித்தல்! மிக மிக முக்கிய அறிவித்தல்!

"கீழ்க்கணக்கில் வாழும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், மாணவச் செல்வங்களுக்கும், மடியில் தவழும் குழந்தைகளுக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறியத் தருவது யாதெனில், எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடம் என்னும் சுபநேரத்தில், மாண்புமிகு பிரதம அதிதி அவர்கள் கொழும்பிலிருந்து எழுந்தருளி, தமது பொற்கரங்களால் நம் மக்களுக்குக் கோதுமை மா வழங்கவிருக்கிறார்கள். அதுவரை யாரும் மாவைத் தொடக் கூடாது, மாவுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, மாவைப் பற்றிக் கவலைப்படவும் கூடாது. நன்றி, வணக்கம்!"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் கன்னையா. நலன்புரிச் சங்கத்தின் தலைவர். அவர் கையில் எப்போதும் பேட்டரியில் ஓடும் ஓர் ஒலிபெருக்கி இருக்கும். அதைப் போட அவருக்குத் தெரியும். நிறுத்தத்தான் மறந்துவிடும். அதனால், "மல்லிகா, என் செருப்பு ஒன்ன நாய் தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று தன் மனைவியிடம் கேட்டதும் ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது.

கீழ்க்கணக்கு என்பது எஹலியகொடவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு. தோட்டத்தில் பிரிவைக் கணக்கு என்பார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அவ்வளவு பயங்கரமானதல்ல. இங்கே முப்பது குடும்பங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருக்கின்றன.

அது 2022ஆம் ஆண்டு. நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற ஆண்டு. பெட்ரோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கோதுமை மாவுக்கு மட்டும் வரிசை இல்லை. கடையில் மாவே இல்லாதபோது எதற்கு வரிசை?

பதினொரு வயது தர்மிளாவின் வீட்டில் காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி என்றிருந்தது. இப்போது காலையில் பலாக்காய், மத்தியானம் பலாக்காய், இரவில் ஒரு மாறுதலுக்காகப் பலாக்கொட்டை.

"அக்கா, ரொட்டின்னா வட்டமா இருக்குமே, அதுதானே?" என்று கேட்டான் தம்பி இந்திரகுமார். அவனுக்கு ஐந்து வயது. மூன்று வாரத்தில் ரொட்டியின் வடிவமே மறந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

இந்த நேரத்தில்தான் லொறியில் பன்னிரண்டு மூட்டை மா வந்து இறங்கியது. மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், ஓர் அறைக்குள் அடுக்கினார்கள். கன்னையா பூட்டினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மாவோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. பிரதம அதிதி வந்து தம் கையால் கொடுப்பார் என்று அதில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணி ஏழு நிமிடமும் வந்தது. அதிதி வரவில்லை. அவருடைய வாகனத்துக்குப் பெட்ரோல் இல்லையாம்.

புதன்கிழமை என்றார்கள். புதன்கிழமை அவருக்கு ஏதோ கூட்டமாம். நாட்டில் உணவு ஏன் இல்லை என்று ஆராயும் கூட்டம்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் நல்ல மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பாடம் நடத்த முடியாது. சஜீதா டீச்சர் பிள்ளைகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, சத்தமாக ஒரு கதை சொன்னார். நடந்த கதை.

"இருநூற்று நாற்பது வருஷத்துக்கும் முன்னால, அமெரிக்காவுல பொஸ்டன்னு ஓர் ஊர். அப்போ அங்க யுத்தம். சீனி இல்ல, காப்பி இல்ல. ஒரு பெரிய வியாபாரி மட்டும் காப்பிக் கொட்டைய ஒரு கிடங்கு நிறையப் பூட்டி வச்சிருந்தார். நியாயமான விலைக்குத் தர மாட்டேன்னுட்டார். ஒருநாள் நூறு பொம்பளைங்க சேர்ந்து, ஒரு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போய்ச் சாவியக் கேட்டாங்க."

"குடுத்தாரா டீச்சர்?"

"இல்ல. ஒரு அம்மா அவர் கழுத்தப் பிடிச்சுத் தூக்கி வண்டியில போட்டாங்க. உடனே குடுத்துட்டார். அவங்களே கிடங்கத் தொறந்து காப்பிய ஏத்திக்கிட்டுப் போய்ட்டாங்க. ஆம்பளைங்க எல்லாரும் வாயத் தொறந்து பாத்துக்கிட்டே நின்னாங்களாம்."

அந்தக் கதை தர்மிளாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அவள் அம்மா புஷ்பத்துக்குத் தேத்தண்ணி கொண்டு மடுவத்துக்குப் போனாள். பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பழனியாண்டி தொங்கு தராசில் ஒவ்வொரு மூட்டையாக மாட்டி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு. சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கழிவு. பதினாலு!"

"மழையே இல்லாத நாள்லயும் ரெண்டு கழிக்கிறீங்களே, அது எந்தத் தண்ணிங்க?" என்றார் புஷ்பம்.

"சட்டம்மா, சட்டம்," என்றார் பழனியாண்டி. இருபத்தெட்டு வருடமாக அவர் சொல்லும் பதில் அது.

வரிசை மெதுவாக நகர்ந்தது. எல்லார் முகத்திலும் பசி. சிரிக்க வைக்கலாமே என்று தர்மிளா பொஸ்டன் கதையைச் சொன்னாள். சும்மா சொல்லவில்லை, நடித்தே காட்டினாள். ஒரு காலிச் சாக்கை வியாபாரியாக்கி, கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொப்பென்று போட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை.

புஷ்பம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "அந்த வண்டி எவ்வளவு பெருசு இருக்கும், புள்ள?"

"தெரியாதும்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

மடுவத்தின் மூலையில் உர மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி ஒன்று இருந்தது. உரமும் வராததால் பல மாதமாகச் சும்மா கிடந்தது. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. டீச்சர்மார் வருவதற்குப் பஸ் ஓடவில்லை. காலையிலேயே ஒலிபெருக்கி கரகரத்தது.

"முக்கிய அறிவித்தல்! மாண்புமிகு பிரதம அதிதி அவர்களின் வருகை, தவிர்க்க முடியாத காரணங்களால் அடுத்த மாதத்துக்கு..."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

புஷ்பம் மடுவத்துக்குப் போய்த் தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். சமைக்கக்கூட இல்லாத எண்ணெயில் ஒரு கரண்டி. பின்னாலேயே வந்த தர்மிளா அவர் கையைப் பிடித்தாள்.

"அம்மா, என்ன செய்யப் போறீங்க?"

"நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்ததும் தலைவர வண்டியில ஏத்தப் போறோம். சாவி தானா வரும். நீதானே சொன்ன?"

"அது அமெரிக்காவும்மா!"

"பசி எல்லா ஊர்லயும் ஒன்னுதான்."

"கன்னையா மாமாவுக்கு முதுகுவலிம்மா. விழுந்துட்டா? பொலிஸ் வந்து உங்களப் புடிச்சிட்டுப் போனா, தம்பிய யாரு பாத்துக்குவா?"

"தம்பிக்குச் சாப்பாடு வேணும்னுதான் போறேன்," என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்.

தர்மிளா வீட்டுக்குத் திரும்பி, வாசலில் உட்கார்ந்து யோசித்தாள். அம்மா சொல்வதும் சரிதான். ஆனால் கன்னையா மாமா அந்தக் காப்பி வியாபாரியா? அவர் மாவை விற்கவில்லையே. போன வருடம் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, மழையில் குடை பிடித்து டிஸ்பென்சரி வரைக்கும் வந்தவர் அவர்தானே. வழியெல்லாம் அதைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே வந்தார் என்பது வேறு விஷயம்.

அவள் நேராகக் கன்னையா வீட்டுக்குப் போனாள்.

உள்ளே கன்னையா வரவேற்புரை பழகிக்கொண்டிருந்தார். முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. அதை நோக்கிக் கும்பிட்டு, "சூரியனே! சந்திரனே! எங்கள் கீழ்க்கணக்கில் உதித்த..." என்றார்.

அப்போது ஒரு சத்தம். குர்ர்ர்ர்ர். லயம் முழுவதும் எதிரொலித்தது. நாய் குரைத்தது. வழக்கம்போல ஒலிபெருக்கி நிறுத்தப்படாமல் அவர் வயிற்றருகில் இருந்தது.

"இடி இடிக்குது," என்றார் கன்னையா.

தர்மிளா வெளியே பார்த்தாள். சுள்ளென்று வெயில்.

"இடி இல்ல பாப்பா, பலாக்காய்," என்றார் மல்லிகா அடுப்படியிலிருந்து. "அதுவும் நேத்து அவிச்சது."

தர்மிளாவுக்கு ஆச்சரியம். "மாமா, சாவி உங்க கழுத்துலதானே இருக்கு? நீங்களுமா?"

கன்னையாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு பிடி எடுத்தாலும் அது களவு புள்ள. கடிதத்துல அதிதி கையாலதான்னு போட்டிருக்கு. நானா தொறந்து குடுத்துட்டா, அடுத்த லொறி வராதே. அப்ப எல்லாரும் என்னத்தானே திட்டுவாங்க?"

இப்போதே எல்லாரும் அவரைத்தான் திட்டுகிறார்கள் என்பதைத் தர்மிளா சொல்லவில்லை. அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். மாமா அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த விதத்தைப் பார்த்தாள். எத்தனை அதிதிகளுக்கு அவர் மாலை வாங்கி வந்திருப்பார்! அவர் கழுத்தில் ஒரு மாலை விழுந்து அவள் பார்த்ததே இல்லை.

"மாமா, விழாவுக்கு ஒத்திகை பாத்தாச்சா?"

"ஒத்திகையா?"

"எங்க ஸ்கூல் விழாவுக்கு முன்னாடி எப்பவும் ஒத்திகை பாப்போம். போன வருஷம் பாக்காம விட்டோம். அதிதிக்குப் போட வேண்டிய மாலைய பியோனுக்குப் போட்டுட்டாங்க."

கன்னையா நடுங்கிப்போனார். "ஐயோ! அப்பிடி ஒன்னு இங்க நடக்கலாமா?"

"கூடாது மாமா. அதனால நாலு மணிக்கு மடுவத்துல ஒத்திகை வைப்போம். எல்லாரும் வருவாங்க."

"எல்லாருமா? எதுக்கு?"

தர்மிளா ஒரு நொடி யோசித்தாள். "உங்களப் பாக்கத்தான் வராங்க," என்றாள். அது பொய் இல்லை.

"ஆனா அதிதிக்கு எங்க போறது?"

"நீங்கதான் மாமா அதிதி. வேற யாருக்கு அந்தத் தகுதி இருக்கு?"

கன்னையா நாற்காலியைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "மல்லிகா!" என்றார். "வேலியில செம்பருத்தி இருக்கா பாரு. மாலைக்கு!" ஒலிபெருக்கி வழியாக அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

மணி நான்கு.

கொழுந்து நிறுத்து முடிந்தது. தள்ளுவண்டியோடு பெண்கள் நின்றார்கள். ஆண்கள் சற்றுத் தள்ளி, பொஸ்டனில் நின்ற மாதிரியே நின்றார்கள். அப்போது மேட்டிலிருந்து வெள்ளை வேட்டி, செம்பருத்தி மாலையோடு கன்னையா இறங்கி வந்தார். அவருக்கு முன்னால் தர்மிளா நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தாள்.

புஷ்பம் சேலையை இழுத்துச் செருகினார். "வந்துட்டாரு. புடிங்க!"

"அம்மா, நில்லுங்க!" தர்மிளா ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். "இன்னைக்கு ஒத்திகை. தலைவர் மாமாதான் அதிதி. ஒத்திகைன்னா எல்லாமே நெசமா செய்யணும். ரிப்பன், பேச்சு, கதவத் தொறக்குறது, மாவு குடுக்குறது, எல்லாமே."

புஷ்பம் மகளை உற்றுப் பார்த்தார். மெதுவாக வண்டியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பிடியா? அப்ப நாங்களும் ஒழுங்கா பழகணுமே. எல்லாரும் போய்ப் பை எடுத்துட்டு வாங்கடி!"

கன்னையா பேச ஆரம்பித்தார். "சூரியனே! சந்திரனே! முதலாம் நட்சத்திரமே!" தன்னைத்தானே அப்படிக் கூப்பிட அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஐந்தாவது நட்சத்திரத்துக்கு வந்தபோது புஷ்பம் தள்ளுவண்டியை ஓர் அடி முன்னால் உருட்டினார். கன்னையா ஆறாவது நட்சத்திரத்தை விட்டுவிட்டார்.

ரிப்பனை வெட்டவில்லை. ஒரே ஒரு ரிப்பன்தான் இருந்தது, அதுவும் உண்மையான விழாவுக்கு வேண்டும். அதனால் முடிச்சை அவிழ்த்தார். கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினார். கதவு திறந்தது.

மா வாசனை வந்தது. மாவுக்கு அப்படி ஒன்றும் பெரிய வாசனை கிடையாது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேலாகப் பலாக்காய் தின்றவர்களுக்கு வந்தது.

"ஒரு குடும்பத்துக்குப் பத்துக் கிலோ!" என்று அறிவித்தார் கன்னையா. பழனியாண்டி தராசருகில் நின்றார். தர்மிளா பெயர் வாசித்தாள். முதல் பையில் மாவை அள்ளிப் போட்டுத் தராசில் மாட்டினார்கள். முள் பன்னிரண்டைத் தொட்டது.

"பன்னிரண்டு," என்றார் பழனியாண்டி. "சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கழிவு. பத்து! அடுத்த ஆள்!"

முதலில் நின்ற பெண் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நகர்ந்தாள்.

இரண்டாவது பை. "பன்னிரண்டு. ரெண்டு கழிவு. பத்து!" மூன்றாவது பை. புஷ்பத்தின் பை. இத்தனை வருடமாகக் கழிவைத் திட்டித் தீர்த்த வாய்களில் ஒன்றுகூட அன்று திறக்கவில்லை. ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது.

தர்மிளாவும் கவனித்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான். இரண்டு கிலோவில் எத்தனை ரொட்டி வரும் என்று மனதுக்குள் சுட்டுப் பார்த்துக்கொண்டே பெயர் வாசித்தாள்.

இருபத்தைந்தாவது பெயரோடு பன்னிரண்டாவது மூட்டையும் காலியாகிவிட்டது.

வரிசையில் இன்னும் ஐந்து பேர். கடைசியில் மல்லிகா. தலைவர் வீட்டுக்காரி முன்னால் நிற்பது அழகல்ல என்று அவராகவே கடைசிக்குப் போயிருந்தார். காலிப் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"லொறிக்காரன் ஏமாத்திட்டான்!" என்றார் கன்னையா.

தர்மிளா விரல் விட்டாள். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. பன்னிரண்டு மூட்டை. முந்நூறு. குடும்பம் முப்பது. சரியாகத்தான் வந்திருக்கிறது.

"லொறிக்காரர் ஏமாத்தல," என்றாள். "கணக்கப்புள்ள ஐயா, மாவுல ஏது தண்ணி?"

பழனியாண்டி தராசைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "அட!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷப் பழக்கம் பாப்பா. வாய் தானா கழிச்சிருச்சு."

"தர்மிளா, சும்மா இரு," என்றார் புஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு. "இத்தன வருஷமா எங்ககிட்ட கழிச்சாங்க. இன்னைக்குத்தான் எங்களுக்குக் கழிச்சிருக்காங்க."

பல தலைகள் ஆமாம் என்று ஆடின.

"ஆமாம்மா. ஆனா மல்லிகா அத்தைகிட்ட கழிச்சு நமக்குக் குடுத்தா, அதுவும் அதே கழிவுதானே?"

தர்மிளா அம்மாவின் பையை எடுத்து வந்து தராசில் மாட்டினாள். முள் பத்துக்கு வரும்வரை அள்ளி, மல்லிகாவின் பையில் போட்டாள். இந்திரகுமார் ஒவ்வொரு அள்ளுக்கும் "அக்கா, போதும்! அக்கா, போதும்!" என்றான்.

புஷ்பம் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் நின்றவளை முழங்கையால் இடித்தார். "என்னடி பாக்குற? ஒன் பைய எடு."

ஒவ்வொரு பையாகத் தராசுக்குத் திரும்பி வந்தது. இருபத்தைந்து பேர், ஆளுக்கு இரண்டு கிலோ. மல்லிகாவின் மடித்த பை விரிந்து, நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐந்து பைகளும் நிறைந்தன.

"பொஸ்டன் பொம்பளைங்களும் இப்பிடித்தான் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றார் புஷ்பம்.

"அத டீச்சர் சொல்லலம்மா."

இப்போது கன்னையா எழுந்தார். மாலையைச் சரிசெய்து, ஒலிபெருக்கியை வாயருகே பிடித்தார். "ஒத்திகை இனிதே நிறைவடைந்தது. ஆகவே, எல்லாரும் மாவை மறுபடியும் மூட்டையில்..."

தள்ளுவண்டி தானாக நகர்ந்தது போலிருந்தது.

கன்னையா வண்டியைப் பார்த்தார். அது எதற்காக வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒலிபெருக்கி வாயிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

குர்ர்ர்ர்ர்ர்ர்.

மலையில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். முதலில் இந்திரகுமார் சிரித்தான். பிறகு புஷ்பம். பிறகு எல்லாரும்.

"இடி இடிக்குது, தலைவரே!" என்றார் பழனியாண்டி.

"மாமா," என்றாள் தர்மிளா, "ஒத்திகை இன்னும் முடியல. மாவு கெடச்சா ஜனங்க ரொட்டி சுடுவாங்க இல்லையா? அதையும் பழகணுமே."

கன்னையா மனைவியைப் பார்த்தார். மல்லிகா பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்கனவே பாதி மேடு ஏறியிருந்தார்.

"அது... அதுவும் நிகழ்ச்சி நிரல்ல இருக்கு," என்றார் கன்னையா. "ரொட்டி சுடும் ஒத்திகை இத்தால் ஆரம்பித்து வைக்கப்படுகிறது!"

அவர் நடக்கப் போனபோது புஷ்பம் மறித்தார். "நில்லுங்க தலைவரே. அதிதி நடந்து போகலாமா? நாட்டுல பெட்ரோல்தான் இல்ல. வண்டி இருக்கே!"

நாற்காலியைத் தள்ளுவண்டியில் வைத்து, அவரை மெதுவாக, முதுகு வலிக்காமல் ஏற்றி உட்கார வைத்தார்கள். பெண்கள் தள்ளினார்கள். எண்ணெய் போட்ட சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. வழி நெடுக இருபுறமும் கும்பிட்டுக்கொண்டே போனார் கன்னையா. வாழ்நாளில் அவருக்கு அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

அன்று மாலை முப்பது வீட்டுக் கூரையிலும் புகை எழுந்தது. இந்திரகுமார் முதல் ரொட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வட்டந்தான்," என்றான் நிம்மதியாக.

மாண்புமிகு பிரதம அதிதி இன்றுவரை வரவில்லை.